அரியலூர்ப் பக்கம் கிடைத்த, சிப்பி நிறைந்த கல் வினிகரில் நுரைக்கிறது. இது சுண்ணாம்புக்கல்தானா? எந்த வகை?

நுரைத்ததை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். கல்லில் கார்பனேட் இருக்கிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. மணலைக் கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம்) ஒட்டிப் பிடித்திருக்கும் மணற்கல்லும் நுரைக்கும், பழைய சுண்ணாம்புக் காரையும் நுரைக்கும். மேலே சுக்கான் என்ற சுண்ணாம்புப் படிவு படிந்த எந்தக் கல்லும் நுரைக்கும். அதனால் சுத்தியலால் உடைத்து, புது முகத்தில் சொட்டு விடுங்கள்.

வினிகர் பலவீனமானது. 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் நல்லது. கையில் இருப்பது 35% செறிவு என்றால், மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலத்தை மெல்ல ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள். கல்லில் விட்டால் சோம்பலாகவும், பொடியில் விட்டால் நன்றாகவும் நுரைத்தால் அது மக்னீசியமும் கலந்த கார்பனேட்டான டோலமைட்டாக இருக்கலாம். நுரையே இல்லாமல், நகத்தால் கீறினால் கோடு விழுந்தால் ஜிப்சம். காரை ஊர்ப் பக்கத்துக் களிமண்ணில் அது தாராளமாகக் கிடைக்கும்.

மணற்கல்லா, சுண்ணாம்புக்கல்லா என்பதை எடை சொல்லும். 10 கிராம் பொடியை உயரமான கண்ணாடிக் குவளையில் போட்டு, அந்த 10% அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அவசரப்பட்டால் பொங்கி வழியும், கணக்கும் போச்சு. முழுக்கக் கால்சைட் என்றால் சுமார் 70 மி.லி. செலவாகும், 100 மி.லி. தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நுரை அடங்கியதும் வடிகட்டி, கழுவி, நன்றாகக் காயவைத்து எடைபோடுங்கள். மிச்சம் 1 கிராம் என்றால் ஏறக்குறைய 90% கார்பனேட். பாதிக்கு மேல் மணலாக நின்றால் அதைச் சுண்ணாம்புக்கல் என்று சொல்ல முடியாது. ஈரத்தோடு எடைபோடுவதுதான் வழக்கமான தவறு.

இனி வகை. உடைந்த முகத்தை நனைத்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பார்க்க வேண்டியது, சிப்பிகள் ஒன்றையொன்று தொட்டு அடுக்கி நிற்கின்றனவா, அல்லது மாவு போன்ற சுண்ணாம்புச் சேற்றில் தனித்தனியாக மிதக்கின்றனவா என்பது. தொட்டு நின்று, இடையில் பளபளக்கும் கால்சைட் இருந்தால் அலை அடித்த ஆழமில்லாத கடலில் சேர்ந்தது. சேற்றில் மிதந்தால் நீர் அமைதியாக இருந்த இடம். சுண்ணாம்புக்கல் வகைகளுக்கு 1962இல் புவியியலாளர் டன்ஹாம் வகுத்த பாகுபாட்டுக்கு அடிப்படையே இதுதான்.

சிப்பியின் உருவமும் துப்புக் கொடுக்கும். ஒரு ஓடு தடித்து வளைந்திருந்தால் கிரிபியா என்ற கடற்சிப்பியாக இருக்கலாம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அது ஏராளம், வயது சுமார் 7 கோடி ஆண்டு. அதன் ஓடு கால்சைட், அதனால் அப்படியே நிற்கிறது. நத்தை வகைகளின் ஓடு பெரும்பாலும் அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவம். எளிதில் கரைந்து வெறும் அச்சு மட்டும் மிஞ்சுவது உண்டு. குழி இருக்கிறதே என்று அந்தத் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். கருடமங்கலத்துச் சிப்பிக்கல் இன்னும் பழையது, ஒரு காலத்தில் மெருகேற்றி அலங்காரத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

தாழையூத்து, மதுக்கரைக் கல்லோடு இதை ஒப்பிட வேண்டாம். சிமென்ட் ஆலைக்கு இரண்டும் சுண்ணாம்புக்கல்தான், ஆனால் அவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடிகமானவை. உடைத்தால் சர்க்கரைபோல் மின்னும், சிப்பி தேடிக் கிடைக்காது.

சிப்பியைச் சுத்தம் செய்யத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். அமிலத்தில் ஊறவைத்தால் ஓட்டின் மேல் வரிகள்தான் முதலில் கரையும், இனம் கண்டுபிடிக்க வேண்டியதும் அந்த வரிகளை வைத்துத்தான்.