எட்டாவது சீர்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கலைக்கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். முதலாண்டு பி.காம். வகுப்புக்கு ‘திருக்குறளில் நட்பு’ என்று ஓர் அசைன்மென்ட் கொடுத்திருந்தேன். நாற்பத்திரண்டு பேரில் முப்பது பேருக்கு மேல் ஒரே மாதிரி தொடங்கியிருந்தார்கள்: ‘திருக்குறள் என்பது வெறும் நூல் அல்ல, அது ஒரு வாழ்வியல் வழிகாட்டி.’ சக ஆசிரியர் ஒருவர், ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றில் எல்லாத் தாள்களையும் போட்டுப் பார்த்தார். தானே எழுதியதாகச் சாதிக்கும் ஒரு மாணவியின் தாளும் மாட்டியது. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன், அழுதுவிட்டாள். இப்போது, ஏஐயை நேர்மையாகப் பயன்படுத்துவது எப்படி என்று என்னையே ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல்வது? முப்பது பேருக்கும் பூஜ்யம் போடலாமா?

ம.

அன்புள்ள ம.,

பூஜ்யம் வேண்டாம். அந்தக் கருவியையும் தூர வையுங்கள்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்களுடைய சோதனையிலேயே, இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர்கள் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் கணக்கில் எழுதிவிட்டது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதுபோல ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. தெரிந்த கொஞ்சம் சொற்களை வைத்துக்கொண்டு எளிமையாக எழுதியதுதான் அவர்கள் செய்த தப்பு. உங்கள் மாணவியும் அப்படித்தான் எழுதியிருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம்.

முப்பது பேர் செய்ததும் புதுக் குற்றம் ஒன்றுமில்லை. என் கல்லூரி நாட்களில் நட்பு அதிகாரம் பற்றி நான் எழுதிய பதில், கடைசி வரிவரை, ஜெராக்ஸ் கடையில் வாங்கிய நோட்ஸ். நல்ல மார்க் வந்தது. உனக்கு இது எங்கிருந்து கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே மார்க் போட்டு வளர்த்த பழக்கம், இன்று கடையை மாற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் உங்கள் ஒரு மணி நேரத்தில் நெறி, பொறுப்பு என்றெல்லாம் தொடங்காதீர்கள். பையன்கள் தூங்கிவிடுவார்கள். ஒரு குறளோடு தொடங்குங்கள். சரியாகச் சொன்னால், ஒரு பொய்க் குறளோடு.

சென்ற மாதம் ஒரு மேடைப் பேச்சுக்காக, நட்பைப் பற்றி அதிகம் பேசப்படாத குறள் ஒன்று சொல் என்று ஏஐயைக் கேட்டேன். கிடைத்தது இது:

நண்பன் உதவி நாளும் பெற்றால்
துன்பம் இல்லை வாழ்வில் என்றும்

குறள் எண் 786 என்று வேறு போட்டிருந்தது. அவசரத்தில் குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். அப்புறம் வாய்விட்டுப் படித்தபோதுதான் இடறியது. ‘உதவி நாளும்’. மா முன் நிரை வர வேண்டிய இடத்தில் நேர் வந்து நிற்கிறது, தளை தட்டுகிறது, அதாவது ஒரு சீரோடு அடுத்த சீர் இசைந்து வரவில்லை. தளை தெரியாதவர்கள் விரல் விட்டு எண்ணினாலே போதும். குறளுக்கு ஏழு சீர். இதில் எட்டு. நூலைத் திறந்தால் 786இல் இருப்பது ‘முகநக நட்பது நட்பன்று நெஞ்சத்து அகநக நட்பது நட்பு’. எண்ணிப் பாருங்கள், ஏழு.

இதைக் கரும்பலகையில் எழுதி, எது பொய் என்று கேளுங்கள். பி.காம். பிள்ளைகள், எண்ணுவதில் கெட்டிக்காரர்களாகத்தான் இருப்பார்கள். எட்டாவது சீரை ஒரு பெண் கண்டுபிடிக்கும்போது வகுப்பில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், நீங்கள் சொல்ல வந்ததில் பாதி அதிலேயே முடிந்துவிடும். இயந்திரத்தின் பொய்யைப் பிடிக்க இன்னொரு இயந்திரம் தேவைப்படவில்லை, பள்ளியில் படித்த யாப்பு போதுமானதாக இருந்தது. பாடம் தெரியாதவன் நேர்மையாக இருக்க நினைத்தாலும் இந்த இடத்தில் ஏமாந்துதான் போவான்.

மீதிப் பாதிக்கு நியூயார்க் வழக்கைச் சொல்லுங்கள். ஏவியாங்கா என்ற விமான நிறுவனத்தின் மேல் பயணி ஒருவர் போட்ட நஷ்டஈட்டு வழக்கு. அவருடைய வக்கீல்கள் முன்தீர்ப்புகளை சாட்ஜிபிடியிடம் கேட்டு மனுவில் சேர்த்தார்கள். அதில் ஆறு தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லாதவை. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சந்தேகம் வந்தபோது அந்த வக்கீல்களில் ஒருவர், ‘இது நிஜ வழக்குதானா?’ என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார். ஆமாம் என்றது. திருடனிடமே சாட்சி கேட்ட கதை. உங்கள் மாணவர்களும் சரிபார்ப்பது என்றால் இதைத்தான் செய்வார்கள், கேட்டுப் பாருங்கள். 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். ஏஐயைத் தொட்டதே தவறு என்று அவர் சொல்லவில்லை. எதிர்த்தரப்பும் நீதிமன்றமும் கேள்வி எழுப்பிய பிறகும் அந்தப் பொய்த் தீர்ப்புகளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் கடுமையாகக் கண்டித்தார்.

அடுத்த அசைன்மென்டின் கடைசியில் மூன்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்: ஏஐயிடம் என்ன கேட்டேன், அது சொன்னதில் எதை எடுத்தேன், எதைப் புத்தகத்தில் பார்த்துத் திருத்தினேன். இதற்கு வெள்ளைக்காரன் முன்மாதிரி தேவையில்லை. உ.வே.சா. பதிப்புகளின் முகவுரையைத் திறந்தால், எந்த ஊர்ப் பிரதி, யார் கொடுத்தது என்று பெயர் பெயராக இருக்கும். அப்படி எழுதியதால் அவர் மரியாதை குறைந்துவிடவில்லை. உண்மையாக எழுதியவனுக்கு மார்க் குறைக்காதீர்கள். ஒரே ஒரு தடவை குறைத்தால் போதும், அதற்குப் பிறகு ஒருவனும் எழுதமாட்டான்.

தோழியின் போட்டோவை அவளைக் கேட்காமல் ஏஐயில் ஏற்றக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது நம் பக்கத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் சக ஆசிரியர் அந்தக் கருவியில் ஏற்றிய தாள்களில் பெயரும் பதிவு எண்ணும் இருந்தனவா? பிள்ளைகளைக் கேட்டாரா? ஏஐயை வைத்து வினாத்தாள் தயாரிக்கிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். தயாரிக்கட்டும். ஆனால் அதை வகுப்பில் ஒத்துக்கொண்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. முடிந்தால் நீங்கள் முதல் ஆளாக இருங்கள்.

முப்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்கள் தாளிலிருந்தே ஒரு குறளைக் காட்டிப் பொருள் கேளுங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். அதை வைத்து மார்க் போடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் அந்த மாணவி. எல்லார் முன்னாலும் கேட்டீர்கள் அல்லவா? மன்னிப்பையும் எல்லார் முன்னாலும் கேட்டுவிடுங்கள். வகுப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.