வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

பவானியிலிருந்து போன வாரம் வந்தீர்களே அண்ணா, உங்கள் மகள் பாப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, "வெறும் பி.எஸ்சி. கம்ப்யூட்டரை வைத்து என்ன பண்றது, அவ மாமா எம்.எஸ்சி. ஏஐ படிக்க வைக்கச் சொல்றார்" என்று கேட்டீர்கள். நானும் "பயப்படாதீங்க, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். அப்படி மழுப்பியிருக்கக் கூடாது. அந்த எம்.எஸ்சி. ஏஐ வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு 9 லட்சம். கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினாலே வங்கி பெரும்பாலும் சொத்தை ஈடு கேட்கும், படிக்கிற காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவணை கட்டப்போவது மாமா இல்லை, உங்கள் ஜமக்காளத் தறிதான்.

நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் பாப்பா ஒரு நோட்டைக் காட்டினாள். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் பார்வை இல்லையாம், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பணம் அனுப்பும் ஆப்பில் ஓர் இடத்தில் அது வெறுமனே "பட்டன்" என்று மட்டும் சொல்கிறது, அது அனுப்பும் பட்டனா ரத்து செய்யும் பட்டனா என்று அவருக்கு எப்படித் தெரியும்? எந்த ஆப், எந்தத் திரை, எங்கே சிக்குகிறது என்று நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். யாரும் சொல்லாமல் செய்திருக்கிறாள் அண்ணா.

இதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள். அக்சசிபிலிட்டி என்று பெயர், அதாவது ஆப்பும் வெப்சைட்டும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்படும்படி பார்த்துக்கொள்வது. நம் நாட்டில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் வங்கிச் சேவை, ஆன்லைன் கடை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இது கட்டாயம். அங்கே விற்கிற சாஃப்ட்வேரில் எவ்வளவோ நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதுவது.

பல பெரிய கம்பெனிகளில் இப்போது ஆறேழு பேர் கொண்ட சின்னச் சின்ன டீம்கள், ஒவ்வொன்றும் தன் வேலையைத் தானே ரிலீஸ் செய்யும். முன்பெல்லாம் அக்சசிபிலிட்டி நிபுணர்கள் தனியாக ஒரு மூலையில் இருந்துகொண்டு, எல்லாம் முடிந்த பிறகு நீளமான பிழைப் பட்டியலை அனுப்புவார்கள், அதற்குள் டீம் அடுத்த வேலைக்குப் போயிருக்கும், பாதி திருத்தப்படாமலே கிடக்கும். அதனால் நிபுணரையே கொஞ்ச நாள் டீமுக்குள் உட்கார வைக்கிறார்கள். காலை மீட்டிங்கில் இருப்பார், டிசைன் வரையும்போதே "இந்த எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வித்தியாசம் இல்லை, கண் மங்கலானவருக்குத் தெரியாது" என்பார், டெவலப்பர் பக்கத்தில் உட்கார்ந்து மவுஸைத் தொடாமல் கீபோர்டின் டேப் பட்டனிலேயே திரை முழுக்கப் போய்க் காட்டுவார். கிளம்பும்போது அந்த டீமிலேயே ஒருவரைப் பழக்கிவிட்டு அடுத்த டீமுக்குப் போவார். குற்றம் சொல்லாமல் புரியவைக்கத் தெரிந்த ஆளுக்குத்தான் இது சரிப்படும். பாப்பா என்னிடம் பேசிய விதத்தில் அது இருந்தது.

முதல் வேலை சாஃப்ட்வேரில் பிழை தேடும் டெஸ்டராகத்தான் கிடைக்கும், சம்பளமும் ஆரம்பத்தில் சுமார்தான், அதை மறைக்கவில்லை. வெப்சைட் எழுதப் பயன்படும் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் நன்றாக வர வேண்டும், அதில் சலுகை கிடையாது. ஆனால் கற்கும் செலவு? டாக்பேக் மாதிரியே கம்ப்யூட்டர் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஓர் இளைஞர் 2006-ல் எழுத ஆரம்பித்தது, இன்றும் இலவசம். அக்சசிபிலிட்டி சோதனை செய்யக் கற்றுத்தரும் அமெரிக்க அரசின் 'டிரஸ்டட் டெஸ்டர்' பயிற்சி ஆன்லைனில் இலவசம். ஆறு மாதம் வீட்டிலிருந்தே செய்யட்டும்.

மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று சங்கடமாக இருந்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த முறை பாப்பாவை வெளியே உட்கார வைக்காதீர்கள். அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், அதைத்தான் அவள் பயோடேட்டாவில் முதலில் வைக்கப் போகிறோம்.