நர்சிங் முடித்தவர் சமுதாய நலவாழ்வில் முதுகலை படிக்கலாமா?

பென்னாகரத்தில் வேலை பார்க்கும் பி.எஸ்சி. நர்சிங் பட்டதாரி நீங்கள். சமுதாய நலவாழ்வில் முதுகலை படித்தால் ஊருக்குப் பயன்படுமா என்று கேட்கிறீர்கள்.

தாராளமாகப் படிக்கலாம். எம்.டி. சமுதாய மருத்துவம் 3 ஆண்டு, எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும். உங்களுக்கானது எம்.பி.எச்., அதாவது பொதுச் சுகாதார முதுகலை; பெரும்பாலும் 2 ஆண்டு. சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இரண்டிலும் உண்டு. தகுதி விதி இடத்துக்கு இடம் மாறும், அறிவிப்பை ஒருமுறை நன்றாகப் படித்துவிடுங்கள்.

பயனா? நம் தர்மபுரித் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய ஆழ்துளைக் கிணற்று நீரைச் சிறுவயதிலிருந்து குடித்தால் பல்லில் கறை ஏறும். அளவு கூடி வருடங்கள் போனால் எலும்பும் மூட்டும் கெடும். இதற்கு மாத்திரை எழுதி என்ன செய்வது? எந்த ஊர், எந்தக் கிணறு, எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்து, தண்ணீரையே மாற்ற வேண்டும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் அப்படி வந்ததுதான். அந்தக் கணக்கெடுப்பைத்தான் இந்தப் படிப்பு கற்றுத்தருகிறது.

அப்புறம், பலரைத் திணறடிப்பது புள்ளியியல். சேரும் முன்பே கொஞ்சம் எக்செல் பழகிவிடுங்கள்.