வெட்டுண்ட அடிமரமும் ஒரே ஒரு துளிரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஏசாயா 11:1இல் "ஈசாயென்னும் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றி" என்று வாசிக்கிறோம். அடிமரம் என்றால் மரத்தின் கீழ்ப்பகுதி என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். வெட்டுண்ட கட்டை என்று சிலர் பிரசங்கிக்கிறார்களே, எது சரி? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: கட்டை என்பதே சரி. மூல எபிரெயத்தில் உள்ள சொல் 'கேஸா'. பழைய ஏற்பாடு முழுவதிலும் அது மூன்றே இடங்களில் வருகிறது: யோபு 14:8, ஏசாயா 11:1, ஏசாயா 40:24. கடைசி இடத்தில் நடப்பட்ட தண்டு என்றும் கொள்ளலாம். யோபுவிலோ சந்தேகத்துக்கு இடமே இல்லை. வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டை மண்ணிலே செத்தாலும் "தண்ணீரின் வாசனையினால் அது துளிர்த்து" என்று அங்கே எழுதியிருக்கிறது.

ஏசாயாவிலும் சூழலே அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது. அதிகார எண்ணை மறந்துவிட்டு 10ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களிலிருந்து வாசியுங்கள். கோடரி காட்டுக்குள் போகிறது, உயர்ந்த மரங்கள் சரிகின்றன, லீபனோன் விழுகிறது. அடுத்த வரியில் துளிர். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. ஏசாயாவின் முதல் வாசகர்களுக்கு நடுவில் இடைவெளி எதுவும் இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் 11:1இல் தொடங்கி வாசிக்கும்போது கோடரிச் சத்தம் காதில் விழாமலே போய்விடுகிறது.

இதில் மர விவரம் ஒன்றும் இருக்கிறது. லீபனோனின் கேதுரு ஊசியிலை மரம். அதைத் தரையோடு வெட்டினால் கட்டை மறுபடி துளிர்க்காது. நம்மூர்ப் பனையைப் போல, தலை போனால் மரம் போயிற்று. ஏசாயா 6:13 சொல்லும் மரங்களோ வேறு ரகம். நம் பழைய மொழிபெயர்ப்பு அவற்றைக் கர்வாலிமரம், அரசமரம் என்கிறது. எபிரெயத்தில் 'ஏலா', 'அல்லோன்'. யூதேய மலைகளில் வளரும் பிஸ்தா இன மரமும் கருவாலியும். இரண்டும் வெட்ட வெட்டத் தழைப்பவை, நம் வேம்பு மாதிரி. "அதின் அடிமரம் பரிசுத்த வித்தாயிருக்கும்" என்று அந்த வசனம் முடிகிறது. (அங்கே அடிமரம் என்பதற்கு எபிரெயத்தில் வேறு சொல்.) 10ஆம் அதிகாரத்தில் நியாயந்தீர்க்கப்படும் எதிரியான அசீரியன் கேதுருவாக விழுகிறான், ஈசாயின் மகன் தாவீதின் வீடு துளிர்க்கக்கூடிய கட்டையாக நிற்கிறது. இந்த வேறுபாட்டைத் தீர்க்கதரிசி வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மலைகளில் விறகு வெட்டியவர்களுக்குச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

கேள்வி: கட்டையிலிருந்து வருவது உண்மையில் புது மரமா, பழைய மரமா? (தோவாளை வாசகர், விவசாயி)

பதில்: இரண்டும்தான், தீர்க்கதரிசனமும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. அந்த நாட்டு ஒலிவமரத்தை எடுத்துக்கொள்வோம். மண்மட்டத்தில் அதன் அடிப்பகுதி முண்டும் முடிச்சுமாகப் பருத்திருக்கும். அந்த முண்டுகளில், பட்டைக்கு அடியில், மொட்டுகள் உறங்கிக்கிடக்கின்றன. உச்சி உயிரோடு இருக்கும்வரை அங்கிருந்து இறங்கும் வளர்ச்சி ஊக்கி அவற்றை எழவிடாது. தண்டை வெட்டியதும் அந்தத் தடை போய்விடும், மொட்டுகள் விழிக்கும்.

இலை, தண்டு எல்லாம் புதிது, வேர் பழையது. ஆகவே விதைக்கன்றைவிட வேகமாக வளரும். ஆபத்தும் உண்டு. கட்டையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து துளிர்கள் ஒன்றாய் வரும். ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்காவிட்டால் மரமாகாமல் புதராகிவிடும். பட்டைக்கு அடியிலிருந்தே கிளம்புவதால் முதல் சில ஆண்டுகள் பிடிப்பு குறைவு, காற்றில் பிய்ந்துவிடும். ஒட்டுக்கட்டிய மரமானால் ஒட்டுக்குக் கீழே வரும் துளிர் காட்டு ரகமாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் தெரிந்தவர் காதில் "ஒரு துளிர்" என்ற ஒருமை தனியாக ஒலிக்கும். இயல்பாகக் கூட்டமாய் வரவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் வருகிறது. வேரோடு பிடுங்கி எறிந்த கட்டையைப் பற்றியும் ஏசாயா பேசவில்லை. "பாழிலிருந்து ஒன்றுமில்லாமையிலிருந்து" என்று மேடையில் சொல்வது கேட்க நன்றாக இருக்கும், வசனம் சொல்வது அதுவல்ல. மரம் உண்மையாகவே வெட்டப்பட்டது, வேரை மட்டும் கோடரி தொடவில்லை. அந்த வேர் 2 சாமுவேல் 7இல் தாவீதுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு.

கேள்வி: தாவீது என்று சொல்லாமல் ஏன் ஈசாய்? (மதுரை வாசகர்)

பதில்: ஈசாய் ராஜா அல்ல. பெத்லகேமில் ஆடு வைத்திருந்தவர். தாவீதை மட்டம் தட்ட நினைத்தவர்கள் பெயரைச் சொல்லாமல் "ஈசாயின் மகன்" என்றார்கள். சவுல் அப்படிச் சொன்னான் (1 சாமுவேல் 20:27). ராஜ்யம் உடைந்த நாளில் பத்துக் கோத்திரத்தாரும் "ஈசாயின் குமாரனிடத்தில் எங்களுக்குச் சுதந்தரம் இல்லை" என்றார்கள் (1 இராஜாக்கள் 12:16). சிங்காசனமும் அரண்மனையும் வெட்டுப்பட்டு, வம்சம் ஆட்டுக்கிடை வரை இறங்கிவிடும் என்பதை அந்த ஒரு பெயர் சொல்லிவிடுகிறது. ஆமோஸ் 9:11 சொல்லும் "விழுந்துபோன தாவீதின் கூடாரம்" என்பதிலும் எபிரெயச் சொல் 'சுக்கா', தழைகளால் வேய்ந்த குடிசை. அந்த வசனத்தை வைத்து, யூத ரபிகளின் நூலான தல்மூத்தில் மேசியாவுக்கு 'பார் நாஃப்லே', விழுந்தவனின் மகன், என்றே ஒரு பெயர் உண்டு.

கேள்வி: வேதாகமத்தில் 'கிளை' என்று வரும் இடமெல்லாம் மேசியாவைக் குறிக்கிறதா? ஒத்துவாக்கிய அகராதியை வைத்து ஒரு வேதபாடம் தயாரிக்கிறேன். (மார்த்தாண்டம், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை)

பதில்: இல்லை அம்மா. தமிழ் அகராதியை மட்டும் நம்பினால் இங்கே வழுக்கிவிடும். நம் மொழிபெயர்ப்பில் 'கிளை' என்று ஒன்றாகத் தெரிவது எபிரெயத்தில் பல சொற்கள்.

ஏசாயா 11:1இன் துளிர் 'ஹோத்தேர்'. அதே வசனத்தின் கிளை 'நேத்ஸெர்'. மொத்தம் நான்கு இடங்களில் மட்டும் வருகிறது. ஏசாயா 14:19இல் அதே நேத்ஸெர் பாபிலோன் ராஜாவின் பிணத்துக்கு உவமை! சொல் ஒன்றாயிருப்பதாலேயே பொருளும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எரேமியா 23:5, 33:15, சகரியா 3:8, 6:12 ஆகிய நான்கிலும் உள்ளது 'த்ஸேமாக்'. கிளை என்பதைவிட 'முளை' என்பது அதற்கு நெருங்கிய தமிழ். மரத்தின் பக்கவாட்டில் நீளும் கொம்பு அல்ல, நிலத்திலிருந்து எழும்புவது. எரேமியா 23:5இல் திருவிவிலியம் 'தளிர்' என்று போட்டிருப்பது பரவாயில்லை. நான்கு இடத்திலும் இது வரப்போகும் ஒருவருக்கான பட்டம்போல நிற்கிறது. ஏசாயா 4:2இலும் இதே சொல் உண்டு. அங்கே அடுத்த அடி பூமியின் கனியைப் பேசுவதால் நிலத்தின் விளைச்சல் என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாதம் வலுவானதே. பாடத்தில் அதை முதல் ஆதாரமாக வைக்காதீர்கள்.

எசேக்கியேல் 17ஐ இந்தப் பட்டியலில் அப்படியே சேர்க்கவேண்டாம், அங்கே வேலை வேறு. கழுகு கேதுருவின் நுனிக்கொழுந்தைக் கொய்துகொண்டு போகிறது; அது கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் யூதாவின் ராஜா யோயாக்கீனைச் சிறைகொண்டுபோனது. பிறகு கர்த்தரே ஓர் இளங்கொழுந்தைக் கிள்ளி உயர்ந்த மலையில் நடுகிறார் (17:22). கட்டை துளிர்ப்பதில்லை, நாற்று நடப்படுகிறது. மரம் கேதுரு என்பதை நினைவில் வையுங்கள். தானியேல் 4இன் அடிமரம் நேபுகாத்நேச்சாரே. யோவான் 15இன் கொடிகளோ சீஷர்கள்.

ஒரு கூடுதல் செய்தி. பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் த்ஸேமாக்கை 'அனத்தொலே' என்று பெயர்த்தது. முளைத்தெழுவதற்கும் சூரியன் உதிப்பதற்கும் அந்த ஒரே சொல். லூக்கா 1:78இல் யோவான்ஸ்நானனின் தகப்பன் சகரியா பாடும் "உன்னதத்திலிருந்து தோன்றிய அருணோதயம்" அதே அனத்தொலேதான். தமிழில் அங்கே முளை கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: எரேமியா 22:30இல் எகொனியாவின் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் வீற்றிருக்கமாட்டான் என்றிருக்கிறது. மத்தேயு 1:12 அவனையே இயேசுவின் வம்சத்தில் சேர்க்கிறதே? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: எகொனியா, கோனியா, யோயாக்கீன் மூன்றும் ஒருவரே. "கர்த்தர் அவனை முத்திரை மோதிரமாக வைத்திருந்தாலும் கழற்றி எறிவார்" என்பது எரேமியா 22:24இன் கருத்து. அதே மோதிர உவமையை ஆகாய் 2:23 எடுத்து, எகொனியாவின் பேரன் செருபாபேலை மோதிரமாக வைப்பேன் என்கிறது. கழற்றிய மோதிரம் திரும்ப விரலுக்கு வருகிறது. ஆனால் செருபாபேல் பாரசீகரின் கீழ் அதிபதி மட்டுமே, ராஜா ஆகவில்லை. 22:30இன் சொல்லும் நின்றது, வம்சமும் நின்றது. மரம் வெட்டுண்டது, வேர் இருந்தது என்று முன்பு சொன்னதற்கு இதுவே வரலாற்று உருவம்.

அந்த வேர் உயிரோடிருந்ததற்கு மண்ணில் எழுதிய சாட்சியே இருக்கிறது. பாபிலோன் அரண்மனை இடிபாட்டில் ஜெர்மானியர் தோண்டியெடுத்த களிமண் பலகைகளை எர்ன்ஸ்ட் வைட்னர் 1939இல் வெளியிட்டார். அவை எண்ணெய்ப் படிக் கணக்குகள். அவற்றில் ஒன்று யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கு 10 சீலா எண்ணெய், அவருடைய ஐந்து குமாரருக்கும் சேர்த்து இரண்டரை சீலா என்று பதிவு செய்கிறது. ஒரு சீலா ஏறத்தாழ ஒரு லிட்டர். பிள்ளைக்கு அரை லிட்டர் எண்ணெய், ரேஷன் கடைக் கணக்குப்போல. தாவீதின் வம்சம் அன்றைக்கு இருந்த இருப்பு அவ்வளவுதான். செருபாபேல் என்ற பெயருக்கே 'பாபிலோனின் வித்து' என்று பொருள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 22:30க்கு ஐந்தே வசனம் தள்ளி 23:5இல் நீதியுள்ள த்ஸேமாக் வருகிறது. சாபத்தைப் பிரித்தெடுத்து வாசித்தால்தான் சிக்கல். 23:6இன் "நமது நீதியாயிருக்கிற கர்த்தர்" என்ற நாமம், அப்போது ஆண்டுகொண்டிருந்த சிதேக்கியாவின் பெயரோடு விளையாடுகிறது. 'கர்த்தர் என் நீதி' என்று பெயர் வைத்துக்கொண்டு நீதி செய்யாத ராஜாவுக்கு அது சுருக்கென்று தைத்திருக்கும்.

கேள்வி: "நசரேயன் என்னப்படுவார்" (மத்தேயு 2:23) எந்தத் தீர்க்கதரிசனம்? சிம்சோனும் நசரேயன்தானே? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: தமிழில் இரண்டும் ஒரே எழுத்தில் இருப்பதால் வந்த குழப்பம். சிம்சோனின் நசரேய விரதம் 'நாசீர்', அதில் உள்ள எழுத்து சாயின். நாசரேத்தில் உள்ளது த்ஸாதே. செசரியாவில் 1962இல் கிடைத்த எபிரெயக் கல்வெட்டில் ஊர்ப்பெயர் அப்படித்தான் இருக்கிறது. நேத்ஸெரிலும் அதே த்ஸாதே. திராட்சரசம் குடித்தவர், பிரேதத்தைத் தொட்டவர் இயேசு; அவர் எப்படி விரத நசரேயர் ஆவார்? மத்தேயு "தீர்க்கதரிசிகளால்" என்று பன்மையில் எழுதுவதால் ஒரே வசனத்தைத் தேடவேண்டியதில்லை. ஏசாயா 11:1இன் ஒலியும், பெயரில்லாத சின்ன ஊரின் தாழ்மையும் சேர்ந்த குறிப்பு என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முடிந்த முடிவு என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

கேள்வி: ஏசாயா 11இன் துளிர் மேசியா என்பது கிறிஸ்தவர்கள் பிற்பாடு ஏற்றிய அர்த்தம் என்கிறார் என் நண்பர். (கோவை வாசகர்)

பதில்: இயேசுவுக்குப் பொருத்துவது கிறிஸ்தவ விசுவாசம். வரப்போகும் தாவீதின் குமாரன் என்று வாசிப்பது அதற்கு முந்தியது. கும்ரான் குகைச் சுருள்களில் ஏசாயா 11க்கான விளக்கவுரை 'தாவீதின் முளை' என்றே பேசுகிறது. யூதரின் அரமேய மொழிபெயர்ப்பான தர்கூமும் இந்த வசனத்தில் மேசியா என்ற சொல்லை நேரடியாகவே வைக்கிறது; எபிரெய மூலத்தில் அந்தச் சொல் இங்கே இல்லை. யூதர்கள் இன்றும் வார நாட்களில் மூன்று வேளையும் சொல்லும் அமிதா ஜெபத்தின் ஒரு வேண்டுதல், தாவீதின் த்ஸேமாக்கைச் சீக்கிரம் முளைக்கச் செய்யும் என்பது.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வென்ட் நாட்களில் ஆலயத்தில் 'ஈசாயின் மரம்' வைக்க விரும்புகிறோம். எப்படிச் செய்வது? (நாகர்கோவில், வாலிபர் சங்கம்)

பதில்: பல இடங்களில் கிறிஸ்துமஸ் மரத்திலேயே படங்களைத் தொங்கவிட்டு ஈசாயின் மரம் என்கிறார்கள். செழித்த மரத்தில் கட்டை எங்கே?

ஏற்கெனவே விழுந்த மரத்தின் அடித்துண்டு ஒன்று போதும், ஓர் அடி உயரம், வெட்டுமுகம் மேலே தெரியவேண்டும். பட்டையில் ஈரம் இருந்தால் நான்கு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்; முன்னதாக வெயிலில் காயவையுங்கள். முதல் ஞாயிறு வெறும் கட்டை மட்டும், வாசிப்பு ஏசாயா 6:8-13. இரண்டாம் ஞாயிறு துளிர், வாசிப்பு 10:33 முதல் 11:10 வரை. மூன்றாம் ஞாயிறு எரேமியா 22:24 முதல் 23:6 வரை. நான்காம் ஞாயிறு லூக்கா 1:67-79.

துளிரை உச்சியில் நடுவாகச் செருகாதீர்கள். கட்டை துளிர்ப்பது பட்டை ஓரத்தில்தான். பக்கவாட்டில் சாய்வாக ஒரு துளை போட்டு, அதற்குள் சின்ன மருந்துக் குப்பியில் தண்ணீர் ஊற்றி, விரல் நீளக் கொழுந்து ஒன்றை வையுங்கள். தண்ணீர் இல்லாமல் வைத்தால் ஆராதனை முடிவதற்குள் தொங்கிவிடும். ஞாயிறுதோறும் மாற்றவேண்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளமானதாக.