மகளின் படிப்புப் பணத்தை பிட்காயினில் போடலாமா?

கேள்வி: கரூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வயது 46. அடுத்த ஆண்டு மகள் கல்லூரியில் சேர்கிறாள். அவளுக்காக ஒரே வங்கியில் 6 லட்சம் ரூபாய் டெபாசிட் போட்டிருக்கிறேன். ‘இன்னும் பத்து வருடத்தில் வங்கியே இருக்காது, உலகமே கிரிப்டோவுக்கு மாறிவிடும்’ என்கிறார் மைத்துனர். டெபாசிட்டை எடுத்து பிட்காயின் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

பிட்காயின் என்ற இணைய நாணயத்தின் விலை ஏறுவது வேறு, அது நம் வாழ்க்கையை மாற்றுவது வேறு. விலை பலமுறை ஏறியிருக்கிறது. வாங்கியவர்களில் சிலர் சம்பாதித்தும் இருக்கிறார்கள். ஆனால், 2009 முதல் புழக்கத்தில் இருக்கும் இந்த நாணயத்தைக் கொடுத்து உங்கள் கடையில் யாராவது ஒரு வேட்டி வாங்கியிருக்கிறார்களா? 2016-ல் வந்த யுபிஐயைப் பாருங்கள். கல்லாப்பெட்டியில் ஒட்டிய கியூஆர் அட்டையும், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டியும் இல்லாத கடை இன்று அரிது. 2025 ஆகஸ்டில் மட்டும் 2,000 கோடி பரிவர்த்தனைகள் அதில் நடந்தன. பிட்காயின் பரிவர்த்தனைகளைப் பதிவுசெய்யும் மூலக் கணினி வலைப்பின்னலோ நொடிக்கு ஏழு பரிவர்த்தனைகளுக்கே திணறும்.

ஒரு நாடே இதை முயன்று பார்த்தது. எல் சால்வடார் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கியது. அரசின் செயலியில் சேர்ந்தவர்களுக்கு 30 டாலர் இனாம். பெரும்பாலோர் அதைச் செலவழித்துவிட்டுப் பழையபடி ரொக்கத்துக்கே திரும்பினார்கள். சர்வதேச நாணய நிதியத்திடம் 140 கோடி டாலர் கடன் பெறுவதற்காக, 2025 ஜனவரியில் கடைக்காரர்கள் பிட்காயினை ஏற்றே ஆகவேண்டும் என்ற விதியை அரசே நீக்கியது. வங்கிக்கணக்கு இல்லாத ஏழைகளுக்கு விடிவு என்று சொல்லித் தொடங்கிய திட்டம் அது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த முடிவு.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். 2021 நவம்பரில் 68,000 டாலரைத் தாண்டிய பிட்காயின், அடுத்த நவம்பரில் 16,000 டாலர் அளவுக்கு விழுந்தது. உச்சத்தில் 6 லட்சம் போட்டிருந்தால், கல்லூரியில் கட்டணம் கட்டும் நாளில் கையில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம்தான் இருந்திருக்கும். பிறகு விலை மீண்டது உண்மை. கல்லூரி அதுவரை காத்திருக்காது.

வரியையும் மைத்துனர் சொல்லியிருக்க மாட்டார். 2022 ஏப்ரல் முதல், பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு நாணயத்தில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்று வையுங்கள். மிச்சம் ஒன்றுமில்லை, ஆனாலும் நஷ்டத்தைக் கழிக்க முடியாது என்பதால் கூடுதல் தீர்வையுடன் 31,200 ரூபாய் வரி கட்ட வேண்டும்.

இதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. வங்கி திவாலானால் பணத்தைத் திருப்பித் தரும் டெபாசிட் காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய்க்குத்தான். இம்முறை முதிர்வடைந்ததும், தொகையை இரண்டாகப் பிரித்து இரு வேறு வங்கிகளில் போடுங்கள். முதிர்வுத் தேதி கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு மாதம் முன்பாக இருக்கட்டும்.