20 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரு 40 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு

கேள்வி: என்னிடம் இருக்கும் சிக்னல் ஜெனரேட்டர் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கொடுக்கும். ஓர் அலையை அதன் மிக வேகமான கூறைவிடவும் வேகமாகத் துடிக்க வைக்கலாம், அதற்கு ‘சூப்பர் ஆசிலேஷன்’ என்று பெயர் எனப் படித்தேன். அப்படியானால் இந்தக் கருவியில் 40 கிலோஹெர்ட்ஸ் எடுக்க முடியுமா? குறுகிய அதிர்வெண் பட்டையில் கூடுதல் தரவு அனுப்ப இது உதவுமா? நுண்ணோக்கிகளுக்கும் இதையே சொல்கிறார்களே, நம்பலாமா?

பதில்: 40 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு வரும், ஆனால் கண நேரத்துக்கு மட்டும். தரவு அனுப்ப உதவாது. நுண்ணோக்கி விஷயம் உண்மைதான்.

முதலில் நீங்களே செய்து பாருங்கள். ஒரு விரிதாள் போதும். ஆறு கோசைன் அலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 20 கிலோஹெர்ட்ஸுக்கு வீச்சு 57.67, 16-க்கு −192.25, 12-க்கு 288.72, 8-க்கு −259.45, 4-க்கு 166.11. கடைசியாக, துடிக்காத மாறிலி −59.80. எல்லாவற்றையும் கூட்டி, நேரம் பூச்சியத்தைச் சுற்றி 25 மைக்ரோவினாடி அளவுக்கு வரைந்து பாருங்கள். நடுவில் மதிப்பு 1. சுமார் 6.3 மைக்ரோவினாடியில் பூச்சியத்தைத் தொடும், சுமார் 12.8-இல் −1.45 என்ற பள்ளத்துக்கு இறங்கும். 40 கிலோஹெர்ட்ஸ் அலையின் அரைச் சுற்று 12.5 மைக்ரோவினாடி. ஆக, 20-க்கு மேல் ஒரு கூறுகூடச் சேர்க்காமலே 40 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு வந்துவிட்டது.

இப்போது வரைபடத்தை 125 மைக்ரோவினாடி வரை நீட்டுங்கள். அங்கே மதிப்பு −1024. நீங்கள் ரசித்த துடிப்பின் உயரம் வெறும் 1! திறனில் கணக்கிட்டால் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம், அதாவது 60 டெசிபல். ஒரு மலையடிவாரத்தில் எறும்பு ஊர்ந்த தடத்தைத்தான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எந்த அலையையும் வெவ்வேறு அதிர்வெண் கொண்ட எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்று ஃபூரியே சொன்னது இதனால் பொய்யாகிவிடவில்லை. ‘இந்த அலையில் 20-க்கு மேல் எதுவும் இல்லை’ என்பது முழு அலையைப் பற்றிய கூற்று. ஒரு சின்னத் துண்டு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அது கட்டளை போடுவதில்லை. நடுப்பகுதியில் பெரிய பெரிய அலைகள் ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுவதுமாக அழித்துக்கொள்கின்றன. மிஞ்சும் சொச்சம்தான் வேகமாகத் துடிக்கிறது. ஓர் அலையின் உச்ச அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் வேகத்தில் அதன் மதிப்புகளை (சாம்பிள்களை) எடுத்தால் அலையை முழுதாக மீட்கலாம் என்ற சாம்பிளிங் தேற்றத்துக்கும் பழுதில்லை. வினாடிக்கு 44,100 சாம்பிள் எடுத்தால் இடைவெளி 22.7 மைக்ரோவினாடி. அந்த 40 கிலோஹெர்ட்ஸ் துடிப்புக்கு ஒரு சுற்றில் ஏறக்குறைய ஒரே ஒரு சாம்பிள்தான் கிடைக்கும். ஆனாலும் அலையை மீட்டெடுக்கும்போது துடிப்பு சரியாகத் திரும்பி வரும், ஏனென்றால் அதை நிர்ணயிப்பது அக்கம்பக்கத்துப் பெரிய சாம்பிள்கள்.

சரி, நிஜக் கருவியில் என்ன ஆகும்? 12 கிலோஹெர்ட்ஸ் கூறின் வீச்சில் ஒரு சதவீதம் பிசகினால் பிழை 2.9. நடுவிலிருக்கும் 1-ஐப் போல மூன்று மடங்கு. 0.1 டெசிபல் ஏற்ற இறக்கம் என்பதே ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். சாதாரண வேலைகளுக்கு நாம் கண்டுகொள்ளாத அந்த அளவு இங்கே ஆட்டத்தையே கலைத்துவிடும். எனவே உங்கள் ஜெனரேட்டர் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு தருகிறது என்று முதலில் அளந்து, வீச்சையும் கட்டத்தையும் (phase, அலை சுற்றின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். 16 பிட் வெளியீட்டில் உச்சத்தை முழு அளவுக்கு வைத்தால், நடுத்துடிப்பின் உயரத்துக்கு 32 படிகள்தான் கிடைக்கும். அது சமாளிக்கக்கூடியதே. மாறிலிக் கூறை உங்கள் கருவி வெட்டிவிட்டாலும் கவலை இல்லை, அலை மொத்தமாக மேலே நகரும், அவ்வளவுதான்.

‘அந்த நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினால்?’ என்று அடுத்துத் தோன்றும். எனக்கும் தோன்றியது. 25 மைக்ரோவினாடிக்குக் கதவைத் திறந்து மூடும் செயலே உயர் அதிர்வெண்களைப் பிறப்பித்துவிடும். உங்கள் பட்டை அதை அனுமதித்தால் இந்த வித்தையே தேவையில்லை.

தரவு அனுப்புவதில் கை விரிப்பதும் இதையொட்டித்தான். தகவல் கோட்பாட்டை வகுத்த ஷானனின் சூத்திரப்படி கொள்ளளவு, அதாவது வினாடிக்கு அனுப்பக்கூடிய தரவின் உச்ச அளவு, பட்டை அகலத்தின் நேர்விகிதத்தில் கூடும், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையாகத்தான் கூடும். அதே பட்டையில் இரட்டிப்பு வேண்டுமானால் அந்த விகிதத்தை ஏறக்குறைய வர்க்கமாக்க வேண்டும். ஃபெரேரா, கெம்ப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் சூப்பர் ஆசிலேஷனுக்கான விலையைக் கணக்கிட்டார்கள். தொடர்ந்து எத்தனை துடிப்புகள் வேண்டுமோ, அந்த எண்ணிக்கையைப் பொறுத்து தேவையான ஆற்றல் அடுக்குக்குறியாக வளர்கிறது. உங்கள் துடிப்புக்கே பத்து லட்சம் மடங்கு என்றால், பத்துத் துடிப்புக்கு எந்தப் பெருக்கியும் தாங்காது.

நுண்ணோக்கியில் கதை மாறுவது ஏன்? அங்கே பெரிய அலை இருக்கும் இடத்தைப் பார்க்காமல் விட்டுவிடலாம். 1873-இல் இயற்பியலாளர் அபே சொன்னபடி சாதாரண நுண்ணோக்கியால் சுமார் அரை அலைநீளத்துக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. ஆன்டெனாக்களில் பழகியிருந்த ஒரு யோசனையை இத்தாலிய இயற்பியலாளர் டொரால்டோ டி ஃப்ரான்சியா 1952-இலேயே லென்ஸுக்குக் கொண்டுவந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களைச் சரியாக அமைத்தால் நடுப்புள்ளியை விரும்பிய அளவுக்குச் சிறிதாக்கலாம், ஒளி பெரும்பாலும் சுற்றியுள்ள வளையத்துக்குப் போய்விடும் என்றார். அப்போது அது ஒரு விநோதமாகவே நின்றது. இயற்பியலாளர்களான யாகிர் அஹரோனோவ் குவாண்டம் அளவீட்டு ஆய்வுகள் வழியாகவும், மைக்கேல் பெர்ரி 1994 கட்டுரை வழியாகவும் கணிதத்தைத் தெளிவாக்கிய பிறகு, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஜெலூதேவின் ஆய்வுக் குழு 2012-இல் இப்படி ஒரு லென்ஸைச் செய்து, அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கைவிட நுணுக்கமாகப் படம் பிடித்துக் காட்டியது. மையத்துக்கு மட்டும் ஊசித்துளை வைத்தால் சுற்றுவளையத்தின் ஒளி பெரும்பாலும் உணரியை எட்டாது. இயற்கையும் இதைச் சும்மா செய்துகொண்டிருக்கிறது: எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒரே நிற அலைகள் ஒரு தளத்தில் ஒழுங்கின்றிக் கலந்தால், பரப்பில் மூன்றில் ஒரு பங்கு சூப்பர் ஆசிலேஷன்தான். ஆனால் அந்த இடங்கள் இருட்டாக இருக்கும்.

உங்கள் மாதிரிக்குச் சாயம் ஏற்ற முடியுமென்றால், 2014 வேதியியல் நோபல் பெற்ற ஒளிரும் சாய முறைகளைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். அவை நன்கு பழகிய வழி. சாயம் ஏற்ற முடியாத, தொடவும் கூடாத மாதிரி என்றால் சூப்பர் ஆசிலேஷன் லென்ஸைப் பரிசீலியுங்கள். விற்க வருபவர் நடுப்புள்ளியின் அகலத்தைத்தான் முதலில் சொல்வார். மொத்த ஒளியில் எத்தனை சதவீதம் அந்தப் புள்ளிக்கு வருகிறது, பிரகாசமான வளையம் எவ்வளவு தூரத்தில் தொடங்குகிறது என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் மாதிரி அந்த வளையத்தைவிடப் பெரியதாக இருந்தால் புள்ளி புள்ளியாக நகர்த்தித்தான் படமெடுக்க வேண்டியிருக்கும், அதற்கான நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.