நேதாஜியை ஏற்றிய ஐ-29: கேள்விகளும் பதில்களும்

ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 1943இல் ஜெர்மனியிலிருந்து ஆசியாவுக்கு வந்தபோது நேதாஜி நடுக்கடலில் மாறி ஏறிய கப்பல் என்று சொல்லிவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு ஐந்து மாதம் முன்னால் அதே கப்பல் செய்ததையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மதுரையிலிருந்து ஒரு மாணவர்: சார், ஐ-29 எப்படிப்பட்ட கப்பல்? ஜெர்மன் நீர்மூழ்கியான யூ-போட் மாதிரியா?

அதைவிடப் பெரியது தம்பி. ஜப்பானின் பி-1 வகையைச் சேர்ந்தது. நீளம் கிட்டத்தட்ட 109 மீட்டர். நீர்மட்டத்தில் 23 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகும், மூழ்கியபின் 8 நாட்தான். ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் 14,000 கடல் மைல் போகலாம். முன்பக்கம் ஆறு டார்பிடோ (நீருக்கடியில் பாயும் வெடிகுண்டு) குழாய்கள், 17 டார்பிடோக்கள். மேல்தளத்தில் நீர்புகாத ஒரு கூண்டுக்குள் சின்ன மிதவை விமானம் ஒன்றும் இருந்தது. பிரித்து வைத்திருப்பார்கள், தேவைப்படும்போது வெளியே இழுத்துப் பூட்டி, உந்துதளத்திலிருந்து பறக்கவிடுவார்கள். பணியில் சேர்ந்தது 1942 பிப்ரவரி 27.

கோவையிலிருந்து: அந்த விமானத்தை உண்மையிலேயே பயன்படுத்தினார்களா?

பயன்படுத்தினார்கள். 1942 மே 23 அன்று ஐ-29இன் விமானம் சிட்னி துறைமுகத்தை வேவு பார்த்தது. ஒரு வாரம் கழித்து, மே 31 இரவு, ஜப்பானின் குட்டி நீர்மூழ்கிகள் அந்தத் துறைமுகத்துக்குள் புகுந்து தாக்கின.

மும்பையில் வசிக்கும் ஒரு வாசகி: திலாவா கப்பலை மூழ்கடித்ததும் இதே நீர்மூழ்கிதான் என்று படித்தேன். நம்பவே முடியவில்லை. சரிதானா?

சரிதான் அம்மா. எஸ்.எஸ். திலாவா, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பயணிகள் கப்பல். பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஓடியது. 1942 நவம்பரில் அது கிளம்பியபோது 732 பயணிகள், 222 ஊழியர்கள், 4 பீரங்கி வீரர்கள் என மொத்தம் 958 பேர் இருந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள்: வியாபாரிகள், குடும்பம் குடும்பமாகப் போனவர்கள், குழந்தைகள்.

நவம்பர் 23 அதிகாலை, செஷல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே, ஐ-29இன் முதல் டார்பிடோ தாக்கியது. இருட்டில் படகுகளுக்காகப் பெரும் நெரிசல். ஆனால் கப்பல் உடனே மூழ்கவில்லை. அதனால் தண்ணீரில் இறங்கியவர்களில் சிலர், பிழைத்துக்கொள்ளலாம் என்று திரும்பவும் கப்பலில் ஏறினார்கள். அப்புறம் இரண்டாவது டார்பிடோ வந்தது. 280 பேர் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரைப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் பர்மிங்ஹாம் மீட்டு நவம்பர் 27 அன்று பம்பாய்க்குக் கொண்டுவந்தது.

திலாவாவில் பீரங்கி இருந்தது, அது எதிரி நாட்டுக் கப்பல் என்று சிலர் வாதிடுவார்கள். ராணுவக் கணக்கில் அது நிற்கலாம். உயிருக்காகத் திரும்பி ஏறியவர்கள் இருந்த கப்பல்மீது இரண்டாவது டார்பிடோ விட்டதை என்னால் வெறும் கணக்காகப் பார்க்க முடியவில்லை. நேதாஜி பயணத்தைப் பேசுகிற ஒவ்வொரு இடத்திலும் இந்த 280 பேரையும் ஒரு வரியாவது சொல்ல வேண்டும். அது நேதாஜியின் மதிப்பைக் குறைத்துவிடாது.

அதே வாசகி: திலாவாவின் வெள்ளி பற்றிச் செய்தி வந்ததே?

ஆமாம். தென்னாப்பிரிக்க அரசுக்குப் போக வேண்டிய 2,364 வெள்ளிக் கட்டிகள் அதில் இருந்தன. 2017இல் ஒரு தனியார் நிறுவனம் ஆழ்கடலிலிருந்து எடுத்தது. யாருக்குச் சொந்தம், எடுத்தவருக்குக் கூலி உண்டா என்ற வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 மே மாதம் தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

திருநெல்வேலியிலிருந்து: நேதாஜியை ஒரே நீர்மூழ்கியில் நேராகக் கொண்டுவந்திருக்கலாமே. நடுக்கடலில் ஏன் மாற்றினார்கள், ஐயா?

இது அவருக்காக மட்டும் ஏற்பாடான சந்திப்பு இல்லை. ஜெர்மனியும் ஜப்பானும் ஆயுத மாதிரிகளையும் ஆட்களையும் பரிமாறிக்கொள்ள வேண்டியிருந்தது. ஐ-29இலிருந்து ஜெர்மன் பக்கம் போனவை: இரண்டு டன் தங்கம், ஒரு டார்பிடோ மாதிரி, நீர்மூழ்கித் தொழில்நுட்பம் கற்கப் போன இரண்டு ஜப்பானிய அதிகாரிகள். நேதாஜியின் பயணம் அந்தத் திட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

அவரும் அவருடைய உதவியாளர், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசனும் 1943 பிப்ரவரி 9 அன்று ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் யூ-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியில் ஏறினார்கள். நெருக்கடியான இடம், எங்கும் டீசல் நாற்றம். ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்கா அருகே அந்த யூ-180, கார்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. அப்போது இவர்கள் உள்ளேதான் இருந்தார்கள்.

மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே ஐ-29 காத்திருந்தது. ஏப்ரல் 26 அன்று சந்தித்தும் கடல் கொந்தளிப்பால் எதுவும் நடக்கவில்லை. 28ஆம் தேதிதான் ஒரு ரப்பர் படகில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழுக்க நனைந்து இருவரும் ஜப்பானியக் கப்பலுக்கு மாறினார்கள். ஒரு பெரிய அலை போதும், எல்லாம் முடிந்திருக்கும். போர்க்காலத்தில் எதிரி விமானம் எப்போதும் வரலாம் என்ற நிலையில் இரண்டு நீர்மூழ்கிகள் நாள்கணக்கில் மேலே மிதந்ததே பெரிய துணிச்சல்.

சேலத்திலிருந்து: உள்ளே என்ன சாப்பிட்டார்?

குழம்பு! பினாங்கில் வாங்கிய மசாலாவைப் போட்டுச் சமைத்தார்கள். மறுநாள் ஏப்ரல் 29 ஜப்பானியச் சக்கரவர்த்தியின் பிறந்தநாள் என்பதால் விருந்தும் சேர்ந்தது. தங்குவதற்கு அதிகாரி ஒருவரின் அறையையே கொடுத்தார்கள்.

பினாங்கிலிருந்து: அவர் எங்கள் ஊரில்தான் கரை இறங்கினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அண்ணா.

ஐ-29 அவரை அழைத்துவரக் கிளம்பியது பினாங்கிலிருந்துதான், 1943 ஏப்ரலில். அதனால் அப்படி ஒரு பேச்சு வந்திருக்கலாம். அவர் இறங்கியது சுமத்ராவின் வடமுனைக்கு அருகிலுள்ள சபாங் தீவில், மே முதல் வாரத்தில். அங்கிருந்து விமானத்தில் டோக்கியோ. ஜூலை 2 அன்று சிங்கப்பூர். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தது அதற்கப்புறம்தான்.

சென்னையிலிருந்து: அதன்பின் ஐ-29 என்ன ஆனது?

புதிய கேப்டன் வந்தார்: கினாஷி தகாகாசு. 1942 செப்டம்பர் 15 அன்று ஐ-19 என்ற இன்னொரு ஜப்பானிய நீர்மூழ்கியிலிருந்து ஒரே வீச்சில் ஆறு டார்பிடோக்கள் விட்டு, அமெரிக்க விமானந்தாங்கி வாஸ்ப்பை மூழ்கடித்து, இன்னும் இரண்டு போர்க்கப்பல்களையும் அடித்தவர். அவர் தலைமையில் ஐ-29 ரப்பர், டங்ஸ்டன், தகரம் ஏற்றிக்கொண்டு 1943 டிசம்பரில் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி, 1944 மார்ச் 11 அன்று, அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸின் லோரியான் துறைமுகத்தை அடைந்தது.

ஏப்ரல் 16 அன்று திரும்பியபோது உள்ளே இருந்தவை ஜெர்மனியின் ஜெட் எஞ்சின், ராக்கெட் எஞ்சின், விமான வரைபடங்கள். ஜூலை 14 சிங்கப்பூர் சேர்ந்தது. ஆனால் அமெரிக்கர்கள் ஜப்பானியரின் ரகசியச் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சரக்கு, எந்த வழி என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஜூலை 26 அன்று பிலிப்பைன்ஸுக்கு வடக்கே பாலின்டாங் கால்வாயில் அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷ் காத்திருந்து டார்பிடோக்களால் அடித்தது. பிழைத்தவர் ஒரே ஒருவர். கினாஷியும் இறந்துபோனார்.

சென்னை நண்பரே மீண்டும்: அப்படியானால் ஜெட் ரகசியம் முழுதும் கடலோடு போனதா?

முழுதும் போகவில்லை. இவாயா என்ற கடற்படைப் பொறியாளர் சிங்கப்பூரிலேயே இறங்கி, சில ஆவணங்களுடன் விமானத்தில் டோக்கியோ போய்விட்டார். அதை வைத்து உருவான கிக்கா ஜெட் விமானம் 1945 ஆகஸ்ட் 7 அன்று முதன்முதலாகப் பறந்தது. அடுத்த வாரமே ஜப்பான் சரணடைந்தது.

ஈரோட்டிலிருந்து: ஐரோப்பா போன மற்ற ஜப்பானிய நீர்மூழ்கிகள்?

மொத்தம் ஐந்து அனுப்பினார்கள். ஐ-30 போய் வந்து, சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது கண்ணிவெடியில் சிக்கியது. ஐ-34ஐப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி டாரஸ் பினாங்கு அருகிலேயே மூழ்கடித்தது. ஐ-52 அட்லாண்டிக்கில் அமெரிக்க விமானங்களிடம் மாட்டியது. ஐ-29 கதையைச் சொல்லிவிட்டேன். ஐ-8 மட்டும்தான் போய், 1943 டிசம்பரில் ஜப்பானின் குரே துறைமுகத்துக்குப் பத்திரமாகத் திரும்பியது.